220-ஆம் பிரிவும் பிரஸ்ஸல்ஸ் தெருக்களும்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் அரசமைப்புச் சட்டத்தில் 220-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. எதையெல்லாம் எந்தக் காலத்திலும் திருத்தக்கூடாது என்று சொல்லும் பிரிவு அது. நாடு குடியரசாகவே இருப்பது, எல்லோருக்கும் வாக்குரிமை, பல கட்சி அரசியல், நீதித்துறையின் சுதந்திரம் ஆகியவை அதில் வருகின்றன. இவற்றோடு அதிபர் எத்தனை ஆண்டு, எத்தனை முறை பதவியில் இருக்கலாம் என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு முறைக்கு ஐந்து ஆண்டு, மறுபடி ஒரே ஒரு முறை. நாடாளுமன்றமே ஒருவர் கையில் இருந்தாலும் இதில் கை வைக்கக்கூடாது.

இப்படி இறுக்கிக் கட்டியதற்குக் காரணம் மொபுட்டு. 1965-இல் ராணுவ பலத்தால் ஆட்சியைப் பிடித்தவர் 1997 வரை, 32 ஆண்டுகள், நாற்காலியை விடவில்லை. அவர் ஓடிய பிறகும் நாடு போரில் வெந்தது. போர் ஓரளவு தணிந்தபின், 2005 டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்தி மக்கள் ஏற்றுக்கொண்டதுதான் இன்றைய அரசமைப்பு. 2006 பிப்ரவரி 18-இல் அதைப் பிரகடனம் செய்தவர் அன்றைய அதிபர் ஜோசப் கபிலா. தந்தை லோரான் தெசிரே கபிலா 2001 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டதும் பதவிக்கு வந்தவர். 2006 தேர்தலில் வென்றார். 2011-இல் மறுபடி வென்றதாக அறிவிக்கப்பட்டது. கணக்குப்படி 2016 டிசம்பர் 19 நள்ளிரவோடு அவர் காலம் முடிந்தது. ஆனால் அவர் 2019 ஜனவரி 24 வரை அதிபராகவே இருந்தார்.

இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டும் ஒரு மாதமும் எப்படிக் கிடைத்தன, அதை எதிர்த்து ஐரோப்பாவில் வாழும் காங்கோ மக்கள் என்ன செய்தார்கள், அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. புலம்பெயர்ந்தோர் போராட்டம் என்றாலே வெளிநாட்டில் பத்திரமாக இருந்துகொண்டு கூச்சல் போடுவது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். காங்கோவின் கதை அந்த எண்ணத்தைக் கொஞ்சம் திருத்தும். சில இடங்களில் அதை உறுதியும் செய்யும்.

சட்டத்தைத் தொடாமலே தங்கும் வழி

அந்த ஆண்டுகளில் காங்கோவைச் சுற்றி இருந்த அதிபர்கள் பலரும் இதே வேலையில்தான் இருந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் காங்கோ பிரஸ்ஸாவில்லில் டெனி சாஸ்ஸு ங்கெஸ்ஸோ 2015 அக்டோபரில் வாக்கெடுப்பு நடத்தி அரசமைப்பையே மாற்றினார். ருவாண்டாவின் பால் ககாமே அதே ஆண்டு டிசம்பரில் மாற்றினார். புருண்டியின் பியேர் ந்குருன்சிசா, முதல் முறை தன்னைத் தேர்ந்தெடுத்தது நாடாளுமன்றம்தான், அது கணக்கில் வராது என்று வாதாடி மூன்றாவது முறை நின்றார். மேற்கே புர்க்கினா ஃபாசோவில் மட்டும் கதை வேறு. பதவி வரம்பைத் தளர்த்தப் பார்த்த பிளேஸ் கொம்பவோரேயை 2014 அக்டோபர் இறுதியில் மக்கள் தெருவில் இறங்கித் துரத்திவிட்டார்கள்.

கபிலா இரண்டு பாடங்களையும் படித்திருக்க வேண்டும். 220-ஆம் பிரிவை மாற்ற முடியாது. மாற்றப் போனால் புர்க்கினா கதி. ஆகவே மாற்றாமலே இருப்பது. தேர்தல் நடந்தால்தானே போக வேண்டும்? தேர்தலே நடக்கவில்லை என்றால்?

2015 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒரு தேர்தல் மசோதா நிறைவேறியது. புதிதாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுத்த பிறகே தேர்தல் என்பது அதன் சாரம். மேற்கு ஐரோப்பா அளவுக்கு விரிந்து கிடக்கும் நாடு, பாதி இடங்களுக்குச் சாலையே இல்லை. அங்கே கணக்கெடுப்பு எடுத்து முடிக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தலைநகர் கின்ஷாசா கொதித்தது. ஜனவரி 19 முதல் சில நாட்கள் மாணவர்கள் தெருவில் நின்றார்கள். போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். இணையத்தை அரசு துண்டித்தது. கடைசியில் மேலவை அந்த வரியை நீக்கியது. ஆனால் தள்ளிப்போடும் வேலை நிற்கவில்லை. வாக்காளர் பட்டியல் தயாராகவில்லை, பணம் இல்லை என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. காங்கோ மக்கள் இதற்கு பிரெஞ்சில் ‘கிளிஸ்மான்’ என்று பெயர் வைத்தார்கள். சறுக்கல். தேதி தானாகச் சறுக்கிக்கொண்டே போகும், யாரும் தள்ளவில்லை என்பது போல.

2016 மே 11-இல் அரசமைப்பு நீதிமன்றம் இதற்கு முத்திரை குத்தியது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பதவியேற்கும் வரை பழைய அதிபர் தொடர்வார் என்று 70-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. பதவி மாறும் சில நாட்கள் நாற்காலி காலியாகக் கிடக்கக்கூடாது என்பதற்காக எழுதிய வரி. தேர்தல் எத்தனை நாள் தள்ளிப்போனாலும் அத்தனை நாளும் அவரே இருக்கலாம் என்று நீதிமன்றம் அதற்குப் பொருள் கூறியது. சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரை எடுத்த தீர்ப்பு என்றே நான் இதைச் சொல்வேன். பதவி வரம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தத் தீர்ப்பை ஒரு முறை பார்க்க வேண்டும். வரம்பு உடைவது எப்போதும் சட்டத் திருத்தத்தால்தான் என்பதில்லை.

அதே அரசமைப்பில் 64-ஆம் பிரிவும் இருக்கிறது. அரசமைப்பை மீறி அதிகாரம் செலுத்துகிறவரை எதிர்த்து நிற்பது ஒவ்வொரு காங்கோ குடிமகனின் கடமை என்கிறது அது. உரிமை என்று சொல்லவில்லை, கடமை என்கிறது. கோமா நகரில் 2012-இல் பிறந்த லூச்சா, 2015-இல் தொடங்கிய ஃபிலிம்பி போன்ற இளைஞர் இயக்கங்கள் இந்தப் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டன. கால்பந்து அரங்குகளில், ‘கபிலா, தெரிந்துகொள், உன் காலம் முடிந்தது’ என்ற பொருள்பட லிங்காலா மொழியில் ரசிகர்கள் முழங்கினார்கள். பதவிக்காலம் முடியும் டிசம்பரில் அரசு கால்பந்து லீக்கையே நிறுத்திவைத்தது என்றால் அந்த முழக்கத்தின் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். 2016 செப்டம்பர் 19, 20 தேதிகளில் கின்ஷாசாவில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் பல பத்துப் பேர் இறந்தார்கள். டிசம்பரிலும் அப்படியே.

மத்தோங்கேயில் இருந்தவர்கள்

பிரஸ்ஸல்ஸ் நகரின் இக்செல் பகுதியில், நாமூர் வாயில் என்ற இடத்தை ஒட்டி ஒரு சிறு வட்டாரம். பெயர் மத்தோங்கே. கின்ஷாசாவில் இசைக்கும் இரவு வாழ்க்கைக்கும் பேர்போன பகுதியின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். முடி பின்னும் கடைகள், மரவள்ளி இலையும் கருவாடும் விற்கும் கடைகள், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள். 1960-இல் நாடு விடுதலை அடைந்த காலத்தில் படிக்க வந்தவர்கள், மொபுட்டுவுக்குப் பயந்து வந்தவர்கள், 1990-களின் போரில் தப்பி வந்தவர்கள் என்று அடுக்கடுக்காக வந்து சேர்ந்த மக்கள். காங்கோவை ஆண்ட நாடு பெல்ஜியம் என்பதால் இங்கே வந்தார்கள். அதே ஊரில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமும் இருக்கிறது என்பது அவர்கள் திட்டமிட்டதல்ல. ஆனால் அரசியல் ரீதியாக அதுவே அவர்களின் பெரிய பலமாயிற்று. மத்தோங்கேயிலிருந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம்.

இந்த மக்களின் கோபம் 2016-இல் தொடங்கியதல்ல. 2011 நவம்பர் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் எட்டியென் சிசெகெடியே வென்றார், கபிலா திருடிக்கொண்டார் என்று அவர்களில் பெரும்பாலானோர் நம்பினார்கள். அந்த டிசம்பரில் மத்தோங்கேயில் நாள் கணக்கில் ஆர்ப்பாட்டமும் மோதலும் கைதுகளும் நடந்தன. பாரிஸ், லண்டன் தெருக்களிலும் அப்படியே. தங்களைக் ‘கொம்பாத்தான்’, போராளிகள், என்று அழைத்துக்கொண்ட குழுக்கள் அப்போது வலுப்பெற்றன.

அவர்கள் என்னென்ன செய்தார்கள்? தூதரக வாசலில் ஆர்ப்பாட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுவோம். அதைவிட முக்கியமானவை வேறு.

முதலில், ஊரில் கூட முடியாதவர்கள் கூடுவதற்கு இடம் கொடுத்தார்கள். 2016 ஜூன் 8, 9 தேதிகளில் பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் ஷான்வால் என்ற ஏரிக்கரை ஊரில் எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி ஒரே அணியாயின. எட்டியென் சிசெகெடி அப்போது சிகிச்சைக்காக இரண்டு ஆண்டாக பிரஸ்ஸல்ஸில் இருந்தார். கட்டாங்கா மாகாணத்தின் முன்னாள் ஆளுநர் மொய்ஸ் கட்டும்பியும் அந்த மே மாதம் நாட்டை விட்டு வெளியேறியிருந்தார். ஃபிலிம்பி இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் ஃப்ளோரிபேர் அன்சுலுனி முந்தைய ஆண்டே தப்பி வந்தவர். 2017 ஆகஸ்டில் பாரிஸ் அருகே கூடிய குடிமக்கள் இயக்கங்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. கபிலா போக வேண்டும், அவர் இல்லாத இடைக்கால ஆட்சி வேண்டும் என்றது அது. ஊரில் இருந்த இளைஞர்களும் வெளியே இருந்தவர்களும் சேர்ந்து போட்ட கையெழுத்து. கின்ஷாசாவில் அப்படி ஒரு கூட்டம் போட்டிருந்தால் பாதிப் பேர் சிறையில் இருந்திருப்பார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2015 மார்ச்சில் கின்ஷாசாவில் ஃபிலிம்பி நடத்திய அறிமுகக் கூட்டத்தில் அதுதான் நடந்தது. செனகல், புர்க்கினா நாடுகளிலிருந்து வந்த விருந்தினர்களையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு போனார்கள். லூச்சாவின் ஃப்ரெட் பவுமா அன்று பிடிபட்டு 2016 ஆகஸ்டு வரை சிறையில் கிடந்தார்.

அடுத்தது செய்தி. ஒவ்வொரு போராட்டத்தின்போதும் அரசு இணையத்தையோ சமூக ஊடகங்களையோ துண்டித்தது. 2015 ஜனவரி, 2016 டிசம்பர், 2017 டிசம்பர் 31, பிறகு 2018 தேர்தலுக்கு மறுநாள் தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரம். அந்த நாட்களில் எல்லைப்புற ஊர்களிலிருந்து பக்கத்து நாட்டு சிம் கார்டு வழியாகக் கசிந்த படங்களும் குரல் பதிவுகளும் உலகத்துக்குப் போவதற்கு வெளிநாட்டில் ஒரு கை வேண்டியிருந்தது. அண்ணன் தம்பிக்கு அனுப்புவான், தம்பி பத்திரிகையாளருக்கு அனுப்புவான். பெரிய அமைப்பு எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை, உறவே போதுமாக இருந்தது.

மூன்றாவது, தடைகள். 2016 டிசம்பர் 12-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு காங்கோ அதிகாரிகளின் சொத்தை முடக்கி விசாவை மறுத்தது. 2017 மே 29-இல் மேலும் ஒன்பது பேர். அமெரிக்காவும் சில தளபதிகள் மீது தடை போட்டது. இது புலம்பெயர்ந்தோரின் வெற்றி என்று முழுக்கச் சொல்லிவிட முடியாது. கொலைகளை ஆவணப்படுத்தியது ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் உரிமை அமைப்புகளும். அவர்களுக்குத் தகவல் கொடுத்தவர்கள் உயிரைப் பணயம் வைத்த உள்ளூர் மக்கள். ஆனாலும் ஐரோப்பிய அரசியல்வாதிகளுக்கு இந்தப் பெயர்கள் மறந்துபோகாமல் பார்த்துக்கொண்டது தொகுதியிலேயே வாக்காளராக இருக்கும் காங்கோ வம்சாவளி மக்கள்தான். கின்ஷாசா ஆட்சியாளர்களுக்கு இது ஏன் வலிக்கும் என்றால், அவர்களின் பிள்ளைகள் படிப்பதும், மருத்துவம் பார்ப்பதும், வீடு வாங்குவதும் பெல்ஜியத்திலும் பிரான்சிலும்தான். விசா மறுப்பு என்பது வெறும் காகிதத் தண்டனை அல்ல அவர்களுக்கு. 2018 தொடக்கத்தில் உறவு கெட்டபோது, ஐரோப்பிய விசா வழங்கும் அலுவலகத்தைக் கின்ஷாசாவில் மூடச் சொன்னது காங்கோ அரசே. அடி பட்ட இடம் எது என்று அதிலிருந்து தெரியும்.

பாட்டை நிறுத்தியவர்கள்

காங்கோ புலம்பெயர்ந்தோர் போராட்டத்தில் மற்ற நாடுகளில் அரிதாகவே காணும் ஒன்று உண்டு. அவர்கள் தங்கள் பாடகர்களைப் பாட விடவில்லை.

காங்கோ இசை ஆப்பிரிக்கா முழுக்க ஆட வைக்கும் இசை. அந்த இசையில் ‘மபாங்கா’ என்று ஒரு பழக்கம். பணம் கொடுத்தவர்களின் பெயரைப் பாட்டுக்கு நடுவே கூவிச் சொல்வது. வணிகர் பெயர் வரும், அமைச்சர் பெயர் வரும், தளபதி பெயரும் வரும். தேர்தல் வந்தால் நட்சத்திரப் பாடகர்கள் கபிலாவுக்காகப் பாடினார்கள். கொம்பாத்தான்கள் இதை மன்னிக்கவில்லை. ஊரில் பிணம் விழும்போது அதிபரைப் பாடுகிறவனுக்கு ஐரோப்பாவில் மேடை கிடையாது என்றார்கள். 2010-களின் பெரும்பகுதியில் காங்கோவின் பெரிய பாடகர்கள் பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் கச்சேரி நடத்த முடியவில்லை. 2017 கோடையில் பாரிஸில் ஃபாலி இப்பூப்பாவின் கச்சேரியும், எரித்தியே வத்தனபேயின் கச்சேரியும் கலவரம் வரும் என்ற அச்சத்தில் ரத்தாயின.

இதை நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பாடகரின் டிக்கெட்டை வாங்காதே என்று சொல்வது நியாயமான ஆயுதம். வருமானத்தில் கை வைக்கும், ஆட்சியின் பகட்டைக் குறைக்கும், யாருக்கும் ரத்தம் வராது. ஆனால் இது அங்கே நிற்கவில்லை. ரசிகர்கள் மிரட்டப்பட்டார்கள். 2011 டிசம்பர் இறுதியில் பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்தில் மேலவைத் தலைவர் லியோன் கெங்கோ வா தோந்தோவை அடித்து நொறுக்கினார்கள். அவரோ அந்தத் தேர்தலில் கபிலாவை எதிர்த்து நின்ற வேட்பாளர்! 2020 பிப்ரவரி 28-இல், கபிலா பதவி விலகி ஓராண்டு கழித்து, ஃபாலி இப்பூப்பா பாரிஸில் பாட வந்த அன்றும் லியோன் ரயில் நிலையத்தருகே வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள். கேட்ட கோரிக்கை நிறைவேறிய பிறகும் கோபம் மட்டும் மிஞ்சியது. வன்முறையால் அந்த மக்களின் நியாயமே கெட்டுப்போனது. ஐரோப்பியப் பத்திரிகைகளில் அவர்கள் அரசமைப்பைக் காக்கப் போராடியவர்களாக வருவதைவிடக் கலகக்காரர்களாக வந்ததே அதிகம்.

இன்னொரு குறையும் உண்டு, அது அவர்கள் செய்த குற்றமல்ல. காங்கோ அரசமைப்பின் 10-ஆம் பிரிவுப்படி இரட்டைக் குடியுரிமை கிடையாது. பெல்ஜியக் கடவுச்சீட்டு வாங்கியவர் சட்டப்படி காங்கோ குடிமகன் அல்ல. காங்கோ குடியுரிமையை வைத்திருந்தவர்களுக்கும் அன்று வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழி இருக்கவில்லை. 2023 தேர்தலில்தான் பெல்ஜியம், பிரான்ஸ், கனடா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் முதன்முறையாக வாக்குச்சாவடி வைத்தார்கள். மாதாமாதம் தம்பி படிப்புக்கும் அம்மா மருந்துக்கும் பணம் அனுப்புகிறவருக்கு, அந்த நாட்டை யார் ஆள்வது என்பதில் சொல் கிடையாது. கேட்டால் நீ வெளிநாட்டான் என்பார்கள். தெருவைத் தவிர அவருக்கு வேறு எங்கே போக வழி இருந்தது?

என்ன கிடைத்தது

2016-இன் கடைசி நாளில் கத்தோலிக்க ஆயர்கள் நடுவில் இருந்து ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தார்கள். ஓராண்டுக்குள் தேர்தல், கபிலா மறுபடி நிற்கக்கூடாது. ஒரு மாதம் கழித்து, 2017 பிப்ரவரி 1-இல், எட்டியென் சிசெகெடி பிரஸ்ஸல்ஸில் காலமானார். அவர் உடலை எங்கே புதைப்பது, எந்த மரியாதையோடு புதைப்பது என்ற சண்டையில் அது இரண்டு ஆண்டுக்கு மேல் பெல்ஜியத்திலேயே கிடந்தது. 2017-இலும் தேர்தல் நடக்கவில்லை. அந்த ஆண்டின் கடைசி நாளிலும், 2018 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் கோவில் வாசலிலிருந்து ஊர்வலம் போனார்கள். கோவில் வளாகத்துக்குள்ளேயே குண்டு பாய்ந்தது. பிப்ரவரி 25-இல் கொல்லப்பட்டவர்களில் ரொஸ்ஸி முகெந்தி என்ற இளம் போராளியும் ஒருவர்.

2018 ஆகஸ்டு 8-இல் கபிலா தான் நிற்கவில்லை என்று அறிவித்தார். வேட்பாளராக அவர் நிறுத்தியவர் எம்மானுவேல் ரமசானி ஷதாரி, ஐரோப்பியத் தடைப் பட்டியலில் இருந்தவர். டிசம்பர் 30-இல் தேர்தல். நாற்பதாயிரம் பார்வையாளர்களை நிறுத்தியிருந்த கத்தோலிக்கத் திருச்சபை, அறிவிக்கப்பட்ட முடிவு தங்கள் கணக்கோடு பொருந்தவில்லை என்று சொன்னது. கசிந்த கணக்குகள் எதிர்க்கட்சி வேட்பாளர் மார்ட்டின் ஃபயுலு பெரும் வித்தியாசத்தில் வென்றதாகக் காட்டின. வென்றதாக அறிவிக்கப்பட்டவர் ஃபெலிக்ஸ் சிசெகெடி, எட்டியெனின் மகன், பிரஸ்ஸல்ஸில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். மத்தோங்கேயில் ஆடிப் பாடியவர்களும் இருந்தார்கள், தங்கள் ஆளே பின்வாசல் வழியாகப் போனதாகத் தலை குனிந்தவர்களும் இருந்தார்கள்.

கபிலாவைப் போகவைத்தது யார் என்று கேட்டால், கின்ஷாசா, கோமா தெருக்களில் இறந்தவர்கள் என்பதுதான் என் பதில். அடுத்த இடம் ஆயர்களுக்கும் பக்கத்து நாடுகளின் அழுத்தத்துக்கும். புலம்பெயர்ந்தோர் இல்லாமலும் அது நடந்திருக்கலாம். ஆனால் இன்னும் அதிகப் பிணங்களோடு, இன்னும் மெதுவாக, இன்னும் குறைவாகவே உலகத்துக்குத் தெரிந்து நடந்திருக்கும்.

2023 டிசம்பரில் ஃபெலிக்ஸ் சிசெகெடி இரண்டாம் முறை வென்றார். 2024 அக்டோபர் 23-இல் கிசங்கானி நகரில் பேசும்போது, இந்த அரசமைப்பு நாட்டுக்குப் பொருந்தவில்லை, இதை மறுபரிசீலனை செய்ய 2025-இல் ஒரு குழு அமைப்பேன் என்றார். மக்கள் கேட்டால் மாற்றலாம் என்பது அவர் தரப்பு. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். ஃபயுலுவும் கட்டும்பியும் எதிர்த்தார்கள். கபிலாவும் எதிர்த்தார். 2025 ஜனவரியில் எம்23 கிளர்ச்சியாளர்கள் கோமாவைப் பிடித்ததும் போர் முன்னால் வந்து இந்தப் பேச்சைப் பின்னுக்குத் தள்ளியது. அந்தக் கிளர்ச்சிக் கூட்டணிக்குத் தலைவர் கொர்னேய் நங்கா. கபிலா காலத்தில் தேர்தல் ஆணையத் தலைவராக இருந்து தேதிகளைத் தள்ளிக்கொண்டே போனவர் அவர்தான்.

சிசெகெடியின் கட்சிக்கு பிரஸ்ஸல்ஸில் ஆழமான வேர் உண்டு. தந்தைக்காகவும் மகனுக்காகவும் குளிரில் நின்ற ஆயிரக்கணக்கானோர் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது. 2016-இல் நீங்கள் எதிர்த்தது கபிலா என்ற ஆளையா, பதவிக்காலம் முடிந்தும் போகாமல் இருப்பதையா? பின்னது என்றால், அதே பதாகையோடு அதே தூதரக வாசலுக்கு மறுபடி வாருங்கள். உங்கள் ஆளுக்கு எதிராக நிற்கும்போதுதான் 64-ஆம் பிரிவின் பெயரைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை வரும்.